மோட்டார் சைக்கிளில் 35 ஆயிரம் மைல்! பாலைவனமும் மலையும் தாண்டிய பெண்

மசினகுடி!

நீலகிரி மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள சிறிய ஊர் இது. ஒரு பக்கம் முதுமலைக் காடு. மறு பக்கம் சுவர் போல எழுந்து நிற்கும் மலை. அந்தச் சுவரின் உச்சிக்கு அப்பால் இருக்கிறது ஊட்டி.

விடுமுறை நாளில் காலை நேரம் மசினகுடிக் கடைத்தெருவில் நின்று பாருங்கள். "டப், டப், டப்" என்று சத்தம் கேட்கும். மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும். மைசூர்ப் பக்கத்தில் இருந்து காட்டு வழியாக வந்தவர்கள் டீ குடிக்க இறங்குவார்கள்.

சிலர் கூட்டமாக வருவார்கள். சிலர் தனியாக வருவார்கள். தனியாக வருகிறவருடைய வண்டியில், பின் இருக்கையில் ஆள் இருக்காது. மூட்டைதான் இருக்கும்.

அப்படித் தனியாக வந்த ஒரு வாலிபர், டீக்கடைக்காரரிடம் வழி கேட்டார்.

"அண்ணே, ஊட்டி இன்னும் எவ்வளவு தூரம்?"

"முப்பது கிலோமீட்டர்தான் தம்பி."

"அவ்வளவுதானா? அரை மணியிலே போயிடுவேன்!"

டீக்கடைக்காரர் சிரித்தார்.

"தூரத்தைக் கணக்குப் பண்ணாதீங்க தம்பி. வளைவைக் கணக்குப் பண்ணுங்க. முப்பத்தாறு வளைவு இருக்கு. பர்ஸ்ட் கியரை விட்டுடாதீங்க!"

வாலிபரின் முகம் வாடிவிட்டது. அவர் வேகமாகப் போக ஆசைப்பட்டு வந்தவர். அவரிடம் போய், "ஆமை மாதிரி போ" என்றால் பிடிக்குமா?

ஆனால் டீக்கடைக்காரர் சொன்னதுதான் சரி. நெடுந்தூரம் தனியாகப் போகிறவரைக் காப்பாற்றுவது வேகம் அல்ல, நிதானம். மோட்டார் சைக்கிளில் உலகத்தையே சுற்றி வந்த ஒரு பெண்ணின் கதை, இதைத்தான் சொல்கிறது.

அந்தக் கதைக்குப் போகும் முன், இந்த மலைப்பாதையில் நாமும் ஒரு முறை ஏறிப் பார்ப்போம்.

36 கொண்டை ஊசி வளைவுகள்

மசினகுடியில் இருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்குப் போகும் பாதை இது.

மசினகுடி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் உயரம் 7 ஆயிரத்து 300 அடிக்கு மேல். அதாவது, 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் 4 ஆயிரம் அடிக்கு மேல் ஏறியாக வேண்டும்!

கூடலூர் வழியாகவும் ஊட்டிக்குப் போகலாம். ஆனால் அந்த வழியில் தூரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். கல்லட்டிப் பாதை குறுக்கு வழி. குறுக்கு வழி என்பதால்தான் இத்தனை செங்குத்து.

பெண்கள் தலையில் செருகும் கொண்டை ஊசியைப் பார்த்திருப்பீர்கள். போன கம்பி அப்படியே மடங்கித் திரும்பி வரும். இந்தப் பாதையும் அப்படித்தான். மேலே போய், மடங்கித் திரும்பி, மறுபடியும் மேலே போகும். இப்படி 36 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள்.

அடிவாரத்தில் முள் காடு. வேல மரம், இலந்தை, கள்ளி எல்லாம் வளர்ந்து நிற்கும். கோடையில் புல் கருகிவிடும். மண் வெடித்துவிடும். ஏறிப் போகப் போக எல்லாம் மாறிவிடும். காற்று குளிரும். பனி மூட்டம் முகத்தில் மோதும். கம்பளிச் சட்டை இல்லாமல் வந்தவர்கள் நடுங்குவார்கள்.

ஒரே மலை. கீழே வறட்சி. மேலே குளிர்ச்சி. இது ஏன்?

தென்மேற்குப் பருவக் காற்று மழை மேகங்களைக் கொண்டு வருகிறது. அவை முதலில் மலையின் மேற்குப் பக்கத்தில் மோதுகின்றன. கூடலூர், தேவாலாப் பக்கத்தில் மழை கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி மசினகுடிக்கு வரும்போது, மேகத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். இப்படி மலைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும் இடத்தை "மழை மறைவுப் பிரதேசம்" என்கிறார்கள்.

பாலை என்றதும் நமக்கு மணல் காடுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் முன்னோர்கள் அப்படி மட்டும் நினைக்கவில்லை. மலையும் காடும் வெயிலில் வறண்டு தன்மை கெட்டால், அதுவே பாலை ஆகிவிடும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பங்குனி, சித்திரையில் மசினகுடியைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

ஆகவே, மசினகுடியில் இருந்து ஊட்டிக்குப் போகிறவர் ஒரு மணி நேரத்தில் பாலையும் பார்க்கிறார். பனி மலையும் பார்க்கிறார்.

பர்ஸ்ட் கியர் ஏன்?

இந்தப் பாதையில் ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதுதான் ஆபத்து.

பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் என்ன ஆகும்? பிரேக் உராய்ந்து உராய்ந்து சூடாகும். சூடு மிஞ்சினால் அதன் பிடிப்பு குறைந்துவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது!

பர்ஸ்ட் கியரில் இறங்கினால் அந்தக் கவலை இல்லை. எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு வேலை குறையும். அவசரத்துக்கு அது கைகொடுக்கும்.

2018-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்தப் பாதையில் ஒரு பெரிய விபத்து நடந்தது. சென்னையில் இருந்து சுற்றுலா வந்த 7 பேர் சென்ற கார், பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாட்களாக அது யாருக்கும் தெரியவில்லை. 5 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு, வெளியூர் வண்டிகள் இந்த வழியாக இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது.

மலை தவறை மன்னிப்பதில்லை. பாலைவனமும் அப்படித்தான். இரண்டையும் மோட்டார் சைக்கிளில் கடந்தவர்களின் கதையை இனிப் பார்ப்போம்.

விருந்தில் வந்த வாய்ப்பேச்சு!

1932-ம் ஆண்டு. லண்டனில் ஒரு விருந்து.

விருந்துக்கு வந்தவர்களில் ராபர்ட் புல்டன் என்ற அமெரிக்க வாலிபரும் ஒருவர். வயது 23. கட்டடக் கலை படித்தவர். "ஊருக்குக் கப்பலில் போகப் போகிறீர்களா?" என்று அவரை ஒருவர் கேட்டார்.

புல்டன் சும்மா இருக்கக் கூடாதா? "இல்லை, மோட்டார் சைக்கிளில் உலகத்தைச் சுற்றிக்கொண்டு போகப் போகிறேன்" என்று சொல்லிவிட்டார்!

சும்மா சொன்ன பேச்சுதான். ஆனால் அந்த விருந்தில் மோட்டார் சைக்கிள் கம்பெனிக்காரர் ஒருவரும் இருந்தார். "நல்லது! நான் வண்டி தருகிறேன்" என்றார் அவர்.

புல்டனால் பின்வாங்க முடியவில்லை. உண்மையாகவே புறப்பட்டுவிட்டார். ஐரோப்பா, சிரியாப் பாலைவனம், ஈராக், இந்தியா என்று சுற்றிக்கொண்டு, 1933-ம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

சரியாக 50 ஆண்டுகள் கழிந்தன. அதே லண்டனில் இன்னொருவர் புறப்பட்டார். அவருக்கும் வயது 23. அவரும் கட்டடக் கலை மாணவர். ஆனால் அவருக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. ஏனென்றால் அவர் ஒரு பெண்!

லண்டன் மாணவி

அவர் பெயர் எல்ஸ்பெத் பியர்ட்.

மதுக்கடையில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தார். அவரிடம் பழைய பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. 1974-ம் ஆண்டு செய்யப்பட்டது. 600 சி.சி. வண்டி. எடை 200 கிலோவுக்கு மேல்.

நம் சென்னை திருவொற்றியூரில் 1950-களில் செய்யத் தொடங்கிய புல்லட் வண்டியை எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு சிலிண்டர். எல்ஸ்பெத்தின் வண்டிக்கு இரண்டு சிலிண்டர்கள். இரண்டும் யானையின் காதுகளைப் போல இரு பக்கமும் நீட்டிக்கொண்டு இருக்கும். சங்கிலி கிடையாது. ஓர் இரும்புத் தண்டுதான் பின் சக்கரத்தைச் சுழற்றும்.

"உலகத்தைச் சுற்றப் போகிறேன். உதவி செய்யுங்கள்" என்று மோட்டார் சைக்கிள் பத்திரிகைகளுக்கு எழுதிப் பார்த்தார். ஆதரவு கிடைக்கவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1982-ம் ஆண்டு அக்டோபர் மாதம், வண்டியைக் கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்கு அனுப்பினார். அங்கே இருந்து ஓட்டத் தொடங்கினார். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று சுற்றி, மேற்குக் கரையில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போனார். அதற்குமேல் கடல். வண்டி மறுபடியும் கப்பல் ஏறியது. ஆஸ்திரேலியாவில் இறங்கியது.

அங்கே போனதும் பணம் தீர்ந்துவிட்டது!

7 மாதம் கார் கொட்டகையில்!

வேறு யாராவது என்றால் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள். எல்ஸ்பெத் வேலை தேடினார்.

சிட்னி நகரில் கட்டட வரைபடம் போடும் ஆபீசில் வேலை கிடைத்தது. 7 மாதம் வேலை செய்தார். குடியிருந்த இடம் எது தெரியுமா? கார் நிறுத்தும் கொட்டகை!

அந்தக் கொட்டகையிலேயே வண்டியையும் பழுது பார்த்தார். அலுமினியத் தகடுகளை வாங்கினார். அவற்றை மடித்து, பூட்டுப் போட்ட பெட்டிகளைத் தன் கையாலேயே செய்தார். வண்டியின் இரு பக்கமும் பின்னாலும் அவற்றை மாட்டினார். அதில்தான் துணிமணி, சாமான், ரிப்பேர் கருவிகள் எல்லாம்.

ஏழு மாதம் வீணாகிவிட்டதே என்று தோன்றலாம். இல்லை. தன் வண்டியின் ஒவ்வொரு திருகாணியையும் அவர் தெரிந்துகொண்டார். பின்னால் அந்த அறிவுதான் அவரைக் காப்பாற்றியது.

சிவப்பு மண்ணில் விபத்து

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி, பார்க்கும் இடம் எல்லாம் சிவப்பு மண். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கும். மண் சாலைகள் உழுத வயலைப் போல வரி வரியாக இருக்கும். அதன் மேல் ஓடினால் வண்டி நடுங்கும். பிடித்திருக்கும் கையும் நடுங்கும்.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், டவுன்ஸ்வில் என்ற ஊருக்கு வெளியே எல்ஸ்பெத் தூக்கி எறியப்பட்டார்! தலையில் பலத்த அடி.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் பிழைத்ததற்குக் காரணம், அவர் தலையில் இருந்த ஹெல்மெட்.

ஹெல்மெட்டை வெறும் ஓடு என்று நினைக்கிறோம். அதன் உள்ளே கெட்டியான நுரை போன்ற பொருள் இருக்கிறது. தரையில் மோதும்போது அந்த நுரை நசுங்குகிறது. நசுங்கும்போது அடியின் வேகத்தை அது வாங்கிக்கொள்கிறது. நம் மண்டைக்கு வரவேண்டிய அடியில் பெரும் பங்கை ஹெல்மெட் வாங்கிக்கொள்கிறது. வெயில் என்று அதைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொள்ளும் தம்பிகள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உடம்பு தேறியதும் எல்ஸ்பெத் மறுபடியும் வண்டியில் ஏறினார். பாலை நிலத்தைக் கடந்து, மேற்குக் கோடியில் இருக்கும் பெர்த் நகருக்குப் போனார். அங்கே இருந்து கப்பலில் சிங்கப்பூர்.

எல்லாம் போச்சு!

சிங்கப்பூரில் அவருடைய பொருள்கள் திருடு போய்விட்டன. பாஸ்போர்ட் போச்சு. வண்டிக்கு உரிய காகிதங்கள் போச்சு. அடுத்த நாடுகளுக்குப் போக வாங்கி வைத்திருந்த அனுமதிகளும் போச்சு!

அந்நிய நாடு. கையில் ஒரு காகிதமும் இல்லை. துணைக்கு ஒருவரும் இல்லை.

எல்ஸ்பெத் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார். எல்லாவற்றையும் மறுபடி வாங்குவதற்கு 6 வாரம் ஆகிவிட்டது. ஓட்ட முடியாமல் காத்திருப்பது, ஓட்டுவதைவிடக் கஷ்டம். அந்தப் பொறுமையும் அவரிடம் இருந்தது.

பிறகு மலேசியா வழியாகத் தாய்லாந்துக்குப் போனார். வடக்கே மலைகள் வரை சுற்றிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒரு லாரியின் பின்னால் இருந்து ஒரு நாய் பாய்ந்து ஓடி வந்தது. தடார்! மறுபடியும் விபத்து.

உடம்பு எல்லாம் காயம். வண்டிக்கும் சேதம். பக்கத்தில் ஒரு குடும்பம் இருந்தது. மிகவும் ஏழைகள். இவர் பேசுவது அவர்களுக்குப் புரியாது. அவர்கள் பேசுவது இவருக்குப் புரியாது. இருந்தாலும் அவர்கள் இவரை வீட்டுக்குள் கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். சோறு போட்டார்கள். இரண்டு வாரம் பார்த்துக்கொண்டார்கள்!

தனியாகப் போனவருக்குத் துணையாக வந்தது யார்? முன்பின் தெரியாத ஓர் ஏழைக் குடும்பம்.

காயம் முழுவதும் ஆறவில்லை. ஆனாலும் வண்டியைச் சரி செய்துகொண்டு பினாங்குத் துறைமுகம் வந்தார். அங்கே இருந்து அவர் ஏறிய கப்பல் எங்கே போனது?

நம் சென்னைக்குத்தான்!

சென்னையில் இருந்து இமயமலைக்கு

பினாங்கில் இருந்து சென்னைக்குக் கப்பல் வருவது, நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய செய்தி. எத்தனையோ பேர் அந்தக் கடல் வழியாகப் பிழைக்கப் போனார்கள். எத்தனையோ பேர் திரும்பி வந்தார்கள். அந்த வழியாகத்தான் இந்த வெள்ளைக்காரப் பெண்ணும் தன் மோட்டார் சைக்கிளுடன் வந்து இறங்கினார்.

சென்னையில் இருந்து கல்கத்தா ஆயிரம் மைலுக்கு மேல். அதை ஓட்டிக் கடந்தார். அங்கே இருந்து நேபாள நாட்டின் தலைநகரான காட்மாண்டுக்குப் போனார்.

உயரமான மலையில் வண்டி ஓட்டுவது எப்படி இருக்கும்? மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். மனிதனுக்கு மூச்சு வாங்கும். எஞ்சினும் காற்றை மூச்சு வாங்கித்தான் பெட்ரோலை எரிக்கிறது. காற்று குறைந்தால் அதன் வலுவும் குறையும். நம் ஊட்டி உயரத்திலேயே, பழைய கார்புரேட்டர் வண்டிகளின் வலு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இமயமலைக் கணவாய்கள் ஊட்டியைப் போல இரண்டு மடங்கு உயரம்கூட இருக்கின்றன. அங்கே வண்டி முனகிக்கொண்டுதான் ஏறும்.

காட்மாண்டு நகரில் எல்ஸ்பெத்துக்கு ஒரு சந்தோஷம் காத்திருந்தது. லண்டனில் இருந்து தாயும் தந்தையும் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள்! நீண்ட நாள் பிரிந்திருந்த மகள். இரண்டு விபத்துகளில் பிழைத்து எழுந்த மகள். அந்தச் சந்திப்பு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பெற்றவர்கள்தான் அறிவார்கள்.

நேபாளத்தில் இன்னொரு மோட்டார் சைக்கிள் பிரயாணியையும் அவர் சந்தித்தார். திரும்பும் வழியில் ஒரு பகுதியை இருவரும் சேர்ந்து கடந்தார்கள்.

மணலும் காய்ச்சலும்

1984-ம் ஆண்டு பஞ்சாபில் கலவரம். வெளிநாட்டார் அந்தப் பக்கம் போவதற்குத் தடை. ஆனால் பாகிஸ்தானுக்குச் சாலை வழி பஞ்சாப் ஊடேதான். அதற்கும் அலைந்து வழி தேடினார்.

பாகிஸ்தானில், குவெட்டா நகரில் இருந்து ஈரான் எல்லை வரை பலூசிஸ்தான் பாலை. சுமார் 600 கிலோமீட்டர். ஒரே வெயில். சாலையின் மேல் காற்று மணலை அள்ளிக் கொட்டியிருக்கும்.

மணலில் ஓட்டுவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். பயந்து முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் புதைந்துகொள்ளும். வண்டி கவிழ்ந்துவிடும். வேகத்தைக் கூட்டாமல், குறைக்காமல், ஒரே சீராகப் போக வேண்டும். ஒருமுறை சாய்ந்துவிட்டால், சாமானோடு சேர்ந்த அந்தப் பெரிய வண்டியை நிமிர்த்த வேண்டுமே!

அந்தச் சமயம் பார்த்து எல்ஸ்பெத்தை நோய் பிடித்துக்கொண்டது. மஞ்சள் காமாலை! சீதபேதியும் சேர்ந்துகொண்டது. உடம்பு மெலிந்துவிட்டது.

ஈரானில் அப்போது ஈராக்குடன் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் முக்காடு இல்லாமல் வெளியே வரக்கூடாது. எல்ஸ்பெத்துக்கு ஹெல்மெட்டே முக்காடு ஆனது. ஆஸ்திரேலியாவில் ஹெல்மெட் உயிரைக் காத்தது. ஈரானில் அது மானத்தையும் காத்தது!

ஈரானைத் தாண்டித் துருக்கி. துருக்கியைத் தாண்டி ஐரோப்பா. 1984-ம் ஆண்டிலேயே லண்டன் போய்ச் சேர்ந்தார்.

மொத்தம் 35 ஆயிரம் மைல். கிலோமீட்டர் கணக்கில் 56 ஆயிரம்!

மாலை போட யாரும் இல்லை

மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் பிரிட்டிஷ் பெண் என்று இன்று எல்ஸ்பெத்தைச் சொல்கிறார்கள். அவருக்கு முன்பே, 1973-ம் ஆண்டு, பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆன் பிரான்ஸ் டோத்வில் என்ற பெண் 125 சி.சி. வண்டியில் தனியாக நெடும் பிரயாணம் செய்திருக்கிறார்.

ஆனால் எல்ஸ்பெத் திரும்பி வந்த நாளில் மாலை போட யாரும் வரவில்லை. அவர் சொல்லப் போனாலும், பலருக்குக் கேட்கப் பொறுமை இல்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குறிப்பேடுகளையும் படங்களையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, விட்ட இடத்தில் இருந்து படிப்பைத் தொடர்ந்தார். கட்டடக் கலை நிபுணர் ஆனார். பாழாய்க் கிடந்த ஒரு தண்ணீர்க் கோபுரத்தை வாங்கி, அதை அழகான வீடாக மாற்றிப் பரிசு பெற்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2017-ம் ஆண்டில்தான் அவருடைய பிரயாணக் கதை புத்தகமாக வந்தது. அப்போதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

மறுபடியும் மசினகுடி

சரி, மசினகுடி டீக்கடைக்குத் திரும்புவோம்.

30 கிலோமீட்டர் போகிறவருக்கும் 35 ஆயிரம் மைல் போகிறவருக்கும் பாடம் ஒன்றுதான்.

புறப்படும் முன் வண்டியைப் பாருங்கள். பிரேக், டயர், விளக்கு, பெட்ரோல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் கெட்டுப் போனால் சின்னப் பழுதையாவது சரி செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்.

தலையில் ஹெல்மெட்டை மாட்டுங்கள். வாரையும் இறுக்கிக் கட்டுங்கள்.

போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளத்தில் விழுந்தது இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் போன கதையை மறந்துவிடாதீர்கள்.

மசினகுடிப் பக்கம் யானைகள் நடமாடும் இடம். மலைக்கும் மாயாற்றுப் பள்ளத்துக்கும் நடுவே அவை காலம் காலமாகப் போய் வருகின்றன. ரோடு நாம் போட்டது. ஆனால் வழி அவற்றுடையது. யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஆரன் அடிக்காதீர்கள். படம் எடுக்க இறங்காதீர்கள். அது போன பிறகு போகலாம். அரை மணி நேரம் ஆனால் ஆகட்டுமே! எல்ஸ்பெத் சிங்கப்பூரில் 6 வாரம் காத்திருக்கவில்லையா?

உள்ளூர்க்காரர் ஒரு வார்த்தை சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். அந்தப் பாதையில் எத்தனையோ வண்டிகள் ஏறியதையும் பார்த்தவர்கள் அவர்கள். எத்தனையோ வண்டிகள் திரும்பி வராததையும் பார்த்தவர்கள்.

நம் வாலிபர் டீயைக் குடித்து முடித்தார். காசைக் கொடுத்தார். ஹெல்மெட்டை மாட்டினார்.

"என்ன தம்பி, அரை மணியிலே போயிடுவீங்களா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

வாலிபர் சிரித்தார். "இல்லேண்ணே. எப்போ போய்ச் சேர்றேனோ அப்போ சேர்றேன்" என்றார்.

"அதுதான் சரி. போய்ச் சேர்ந்ததும் முதல்லே வீட்டுக்குப் போன் பண்ணுங்க!"

வண்டி புறப்பட்டது. முள் காட்டைத் தாண்டி மலையை நெருங்கியது. முதல் வளைவு தெரிந்தது. வாலிபர் கியரை மாற்றினார்.

பர்ஸ்ட் கியர்!